முந்நூற்று நாற்பது மைக்ரான்

ஃபேர்லேண்ட்ஸில் வேப்பமரம் இருக்கிற வீடு
என்றார் தரகர் சாதிக்.
அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் வேப்பமரம்.
மூன்றாவது கேட்டுக்குள்
துணி போர்த்திக்கொண்டு நின்றது அது.

ஒன்பது வருஷம்.
எண்பத்து மூவாயிரம் கிலோமீட்டர்.
கறுப்பு என்று சொல்லியிருந்தார்கள்.
வெயிலில் பார்த்தால் கத்தரிக்காய் நிறம்.
"ஜெர்மன்காரன் வண்டி மேடம்,
கதவைச் சாத்திப் பாருங்க, சத்தமே வேற."
மேடம் என்றபோதும் சாதிக் பார்த்தது
நான் கூட்டிவந்த மெக்கானிக் பெத்தண்ணனை.

நான் ஸ்கேன் பார்க்கிறவள்.
ஐந்து ரோட்டில் ஒரு மாடியறையில்
பதினாறு வருஷமாக வயிறுகளில் களிம்பு தடவி
தோலுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
சொல்லக் கூடாததைச் சொல்லாமலும்.

ஆகவே பெத்தண்ணன் பையிலிருந்து
பெயின்ட் கனம் அளக்கும் கருவியை எடுத்ததும்
கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.
பானெட், நூற்றுப் பதினைந்து மைக்ரான்.
கூரை, நூற்றுப் பத்து.
வலப்பக்கம் முழுக்கச் சொல்லிவைத்தாற்போல்.
இடது பின்கதவில் வைத்தேன்.
முந்நூற்று நாற்பது.
நாலு விரல் தள்ளி வைத்தேன்.
முந்நூற்று நாற்பதேதான்.

"இங்கே என்ன ஆச்சு?"
நோயாளியிடம் கேட்கிற குரல் வந்துவிட்டது.
சாதிக் வேப்பமரத்தில் எதையோ தேடினார்.
வண்டியின் சொந்தக்காரர் குணசீலன்,
நெடிய மனிதர்,
லுங்கிக்கு மேல் இஸ்திரி போட்ட சட்டை,
"மினி பஸ்" என்றார்.
"ஏற்காடு அடிவாரத்துல. யாருக்கும் ஒண்ணுமில்ல."
நான் கேட்காத கேள்விக்கும் சேர்த்து.

ஓட்டிப் பார்க்க ஏறினேன்.
பெடல் வேறு ஊரில் இருந்தது.
கதவின் உட்புறம் மூன்று பொத்தான்கள்.
"ரெண்டை அழுத்துங்க" என்றார்
வெளியே நின்றபடி.

சீட் முனகிக்கொண்டே முன்னால் வந்தது.
உயர்ந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டது.
பக்கக் கண்ணாடிகள் இரண்டும்
கொஞ்சமாகத் தலை குனிந்தன.
அளவெடுக்காமலே தைத்துவந்த ரவிக்கை
அக்குளில்கூடப் பிடிக்காதது மாதிரி
ஐந்தடி ஒரு அங்குலம் எனக்கு
அப்படிப் பொருந்திற்று.
நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் கேட்டைத் திறக்கப் போயிருந்தார்.
அது திறந்துதான் கிடந்தது.

கதவுக்கு நாற்பதாயிரம் குறைத்தேன்.
டயருக்குப் பதினைந்து.
பாவம் பார்த்திருக்கலாமோ என்று
பிறகொரு நாள் தோன்றியது.
இல்லை, அது சரியான கணக்குதான்.
"இன்னொரு சாவி?"
உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.
வரும்போதே வளையத்திலிருந்து எதையோ கழற்றி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
வெறும் சாவியை நீட்டினார்.

தாதகாப்பட்டியில் எங்கள் தெருவுக்கு
மூன்று வேகத்தடை.
முதலாவதிலேயே அடிவயிறு உரசிற்று.
தட்டுவடை செட் போடுகிறவர்
தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
எவ்வளவு எவ்வளவு என்று ஒரு வாரம் கேட்டார்கள்.
மாமியாரிடம் ஆறு லட்சம்.
சென்டரில் பன்னிரண்டு.
உண்மை பேங்க்காரனிடம் இருக்கிறது,
மாதம் ஐந்தாம் தேதி நினைவூட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போனோம்.
போகும்போது என் வீட்டுக்காரர் ஓட்டினார்.
ஒன்றை அழுத்தியதும் சீட் பின்னால் போய்
காலே எட்டவில்லை அவருக்கு.
கையேட்டைப் புரட்டி
தன் அளவை அதில் பதித்துக்கொண்டார்.
குணசீலன் அழிந்தார்.
இறங்கும்போது என் முறை.
இரண்டை அழுத்தினேன்.
அதில் மாற்ற எனக்கு எதுவுமில்லை.

இருபது வளைவும் முடிந்து
அடிவாரத்தில் எதிரே ஒரு மினி பஸ்.
தேவைக்கு மேலேயே ஒதுங்கினேன்.
ஹாரன் நீள அது போனபின்
இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
சாயங்கால வெயிலில்
வண்டி முழுக்கக் கத்தரிக்காய் நிறம்.
அந்தப் பின்கதவு மட்டும்
சுத்தக் கறுப்பு.